பள்ளம் பார்க்க எட்டு மணி நேரமா? பெற்றோரோடு கிராண்ட் கேன்யன்

ஜூன் 3, 2023. ஒருவர் கேட்டது

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. நாங்கள் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம். அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் போயே ஆக வேண்டும் என்கிறாள் மனைவி. ஒரு பெரிய பள்ளத்தைப் பார்க்க வயதானவர்களை எட்டு மணி நேரம் காரில் உட்கார வைப்பது வீண் என்பது என் கட்சி. பேசாமல் மாலிபு கோயில், டிஸ்னிலாண்டு என்று முடித்துக்கொள்ளலாம். போய் வந்தவர்கள் யாராவது என் பக்கம் பேசுங்களேன்.

ஜூன் 4, காலை

உங்கள் பக்கம் பேச முடியாது, மன்னிக்கவும். போன வாரம்தான் நாங்கள் போய் வந்தோம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அப்பா (74), அம்மா (69). நாங்களும் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம்தான். ஐந்நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மணி நேரம் என்பது நீங்கள் தனியாக ஓட்டினால். பெற்றோர் கூட வந்தால் பத்தரை.

வில்லியம்ஸ் ஊரில் இரண்டு இரவு, பேஜ் ஊரில் ஒரு இரவு, திரும்பும் வழியில் கிங்மனில் ஒரு இரவு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

ஜூன் 4, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியது. ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று: வண்டி.

வீட்டுக் காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் அடங்காது என்று ஒரு பெரிய எஸ்யுவி வாடகைக்கு எடுத்தேன். பார்க்க யானை மாதிரி கம்பீரம். அம்மாவால் அதில் ஏற முடியவில்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு அந்த முதல் படி ஒரு மலை. வீட்டிலிருந்து குளியலறை முக்காலியை எடுத்துப் போட்டுத்தான் ஏற்றினோம். அந்த முக்காலி எங்களோடு அரிசோனா முழுவதும் வந்தது. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் பையன் இறங்கி முக்காலி போடுவான், பாட்டி ராணி மாதிரி இறங்குவார். போட்டோவில் பார்க்க அழகுதான், பதினைந்தாவது தடவை அழகாக இல்லை.

மினிவேன் எடுங்கள். கதவு பக்கவாட்டில் நகரும், தரை தாழ்வு. எஸ்யுவி இல்லாமல் அங்கே போக முடியாது என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. கேன்யனின் தெற்கு விளிம்பு வரை நல்ல தார்ச்சாலை.

அதனால் திட்டம் போடும்போது மைலை எண்ணாதீர்கள். எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்று எண்ணுங்கள். நேராக இரண்டு மணி நேரம் ஓடினால் அம்மா சுகமாகத் தூங்குவார். "இந்த இடத்தில் ஐந்து நிமிடம், அடுத்த இடத்தில் ஐந்து நிமிடம்" என்று ஏழு இடம் நிறுத்தினால்தான் கால் வீங்கும்.

2023 நிலவரப்படி நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். இந்த வருடம் வேறு தேசியப் பூங்காவுக்கும் போவதாக இருந்தால் 80 டாலர் ஆண்டுப் பாஸ் வாங்கிவிடுங்கள். 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மலிவுப் பாஸ் ஒன்று உண்டு, அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வந்த நம் பெற்றோருக்குக் கிடையாது. இதை அப்பாவிடம் சொன்னதும், "என் ரயில்வே பாஸை வேணும்னா காட்டிப் பார்க்கட்டுமா?" என்றார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ் என்ற சொல்லுக்கு அவரிடம் தனி மரியாதை உண்டு.

ஜூன் 6

"பள்ளம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். கேள்வி கேட்டவருக்கு மட்டும் இல்லை, கிளம்பும்போது என் அம்மாவுக்கும் அது பள்ளம்தான். "எங்க ஊர்ல இல்லாத பள்ளமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

அங்கே போகிறவர்களுக்கு முதலில் மலை எதுவும் கண்ணில் படாது. ஊட்டிக்குப் போனால் ஊசி வளைவுகளில் ஏறி, காது அடைத்து, அப்புறம் உச்சி. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. பைன் காட்டுக்குள் சமதரையில் ஓட்டிக்கொண்டே போகிறோம், காரை நிறுத்துகிறோம், ஐந்து நிமிடம் நடக்கிறோம், தரை முடிந்துவிடுகிறது. ஒரு மைல் ஆழம், எதிர்க்கரை பத்து மைல். ஆனால் நாம் நிற்கும் இடம் ஏற்கெனவே சுமார் 7,000 அடி. ஊட்டியைவிட உயரம். ஏறியதே தெரியாமல் ஏறியிருப்போம்.

மேதர் பாயிண்ட் என்ற விளிம்புப் பார்வையிடத்தில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ஏன்டா, பள்ளம்னா மேலேர்ந்து கல்லு போட்டா சத்தம் கேக்கணும்" என்றார். (பையன் உடனே கல்லைத் தேடினான். போடக் கூடாது. கீழே பாதைகளில் ஆட்கள் நடக்கிறார்கள்.) கொஞ்சம் கழித்து, யாரையும் பார்க்காமல், "இதுக்கு அடி இருக்குதா?" என்றார்.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வியப்பு இருபது நிமிடம்தான். அதற்கப்புறம் அம்மா பெஞ்சில் கேன்யனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். யார் யாரோடு வந்திருக்கிறார்கள், எந்தக் குழந்தை அடம்பிடிக்கிறது, எந்தப் பாட்டி கைத்தடியோடு வந்திருக்கிறார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு செலவு செய்து கூட்டிவந்தால் திரும்பி உட்கார்ந்திருக்கிறாரே என்று.

உயரத்தால் வந்த இன்னொரு கூத்து. வில்லியம்ஸும் கிட்டத்தட்ட அதே உயரம். அறையில் சின்ன எலெக்ட்ரிக் குக்கரில் அம்மா சாதம் வைத்தார். கொதி வந்தது, தண்ணீர் வற்றியது, அரிசி மட்டும் வேகவில்லை. "அரிசி பழசா இருக்கும்" என்று முதலில் கடைக்காரர் தலை உருண்டது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் வேக நேரமாகும். கூடுதல் தண்ணீர் ஊற்றி, ஊற வைத்துத்தான் போட வேண்டும். கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் பலூன் மாதிரி உப்பியிருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜூன் 6, இரண்டு மணி நேரம் கழித்து

திருத்தம். ஊட்டியைவிட உயரம் என்று எழுதியது தப்பு. ஊட்டி 2,240 மீட்டர், தெற்கு விளிம்பு சுமார் 2,100. ஊட்டிதான் உயரம். நீலகிரிக்காரர் ஒருவர் உடனே பிடித்துவிட்டார்.

ஜூன் 9

"வயதானவர்களுக்கு அங்கே மனம் ஒட்ட என்ன இருக்கிறது?" என்று திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு ஒட்டியது எதிர்பாராத இடத்தில்.

பள்ளத்துக்குள்ளே கோபுரம் கோபுரமாக நிற்கும் பாறைச் சிகரங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில், புத்தர் கோயில். கட்டடம் எதுவும் கிடையாது, வெறும் பாறைதான். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880களில் தொடங்கிவைத்த வழக்கம் இது. கீழைநாட்டுக் கோபுரங்கள் மாதிரி தெரிகின்றன என்று கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயரைச் சூட்ட ஆரம்பித்தார், பின்னால் வந்தவர்களும் தொடர்ந்தார்கள்.

பலகையைப் பையன் எழுத்துக்கூட்டி "பிரம்மா டெம்பிள்" என்று படித்ததுதான் தாமதம், அப்பா நிமிர்ந்தார். அவர் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலை. வேலை பார்த்ததிலும் பாதிக் காலம் விழுப்புரம் – காட்பாடி பாதை, மீட்டர் கேஜ் காலத்தில். அடிமுடி தேடிய கதை அவருக்குத் தாலாட்டு மாதிரி. "பிரம்மாவுக்குப் பூலோகத்துல கோயிலே கிடையாதுன்னு சாபம். ஆளு இங்க வந்து செட்டில் ஆயிட்டாரா?"

அது போதவில்லை. கேன்யனின் ஆக அடியில், கொலராடோ ஆற்றங்கரையில் கறுப்பாகக் கிடக்கும் பாறைக்கு என்ன பெயர் தெரியுமா? விஷ்ணு சிஸ்ட். கிட்டத்தட்ட 175 கோடி ஆண்டுப் பழசு. நாம் நிற்கும் மேல்தட்டுச் சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டுதான். இதை ரேஞ்சர் (பூங்காக் காவலர்) ஒருவர் விளக்கிக்கொண்டிருந்ததை நான் தமிழில் சொன்னேன். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, அடியைத் தேடிப் போனவர் அடியிலேயே இருக்கார்" என்றார்.

விஷ்ணு வராகமாக மண்ணைக் குடைந்து கீழே போனது, பிரம்மா அன்னமாக மேலே பறந்தது. பெயர் வைத்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்குமா, தற்செயலா, எனக்கு அக்கறை இல்லை. அம்மா அப்போதுதான் பெஞ்சில் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். விஷ்ணு கோயில் எது என்று கேட்டு, எதிரே நேராகத் தெரிந்த சிகரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஜூன் 10

நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சிகரம் விஷ்ணு கோயில் இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். சரிபார்த்தேன். அவர்கள் சொன்னதுதான் சரி. விஷ்ணு வலது கைப் பக்கம், கிழக்கே தள்ளி நிற்கிறார். அம்மா கும்பிட்டது ஜொராஸ்டர் கோயில் என்ற சிகரத்தை. பிரம்மா அதற்குப் பக்கத்தில்.

அம்மாவிடம் சொன்னேன். "ஜொராஸ்டர்னா யாரு?" பார்சிக்காரர்களின் இறைத்தூதர் என்றேன். "டாட்டா வீட்டு சாமியா? அவரும் நல்லாத்தான் இருக்கட்டுமே" என்றார். இதை அதற்குமேல் திருத்த எனக்குத் தெம்பு இல்லை.

ஜூன் 13

நேரக் குழப்பம் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். அரிசோனா போகிற எல்லோருக்கும் இது பயன்படும்.

கோடையில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அரிசோனா தள்ளாது. அதனால் கோடையில் கலிபோர்னியாவும் அரிசோனாவும் ஒரே நேரம். இதுவரை சரி. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி நாடு தள்ளிவைக்கும். கேன்யனின் கிழக்கு வாசலைத் தாண்டிப் பேஜ் ஊருக்குப் போகும் சாலை அவர்கள் நிலம் வழியாகத்தான் போகிறது. பேஜ் ஊர் மறுபடி அரிசோனா நேரம்.

பேஜ் பக்கத்தில் ஆண்டிலோப் கேன்யன் என்று ஒரு குறுகலான பாறைப் பிளவு. அதற்கு நவஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, முன்பதிவு செய்திருந்தேன். ஒன்றரை மணிக்கு வரச் சொன்னார்கள். போகும் வழியில் என் போன் 1:40 காட்டியது. மனைவி போன் 12:40. என் அழுத்தம் ஏறியது, கால் ஆக்சிலரேட்டரில் அழுந்தியது, பின்னாலிருந்து மனைவி "இதுக்குத்தான் காலையிலயே கிளம்பலாம்னு சொன்னேன்" என்று ஆரம்பித்தாள்.

அப்பா ஊரிலிருந்து கட்டிவந்த வாட்சை மாற்றவே இல்லை. சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஏன் மாற்றவில்லை என்று வந்த முதல் நாளே கேட்டிருக்கிறேன். "எதுக்கு மாத்தணும்? இங்கிருந்து நம்ம ஊர் பன்னிரண்டரை மணி முன்னால. முள்ளு வாட்சுல பன்னிரண்டு மணி போனா மிச்சம் அரை மணி. அரை மணி லேட்டா ஓடுற வண்டின்னு நினைச்சிட்டுப் போறேன்" என்றார். அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

காரில் அவர் வாட்சைப் பார்த்து, "ஒண்ணு பத்து. அரை மணி கழிச்சா பன்னிரண்டு நாப்பது. மெதுவாவே போ" என்றார்.

12:40தான் சரி. என் போன் நவஹோ பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னால் ஓடியிருக்கிறது. நேரத்துக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்து வெயிலில் நின்றோம்.

நீங்கள் போனால் போனில் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். முன்பதிவு செய்யும்போது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆண்டிலோப்பில் மேல், கீழ் என்று இரண்டு உண்டு. கீழ்க் கேன்யனில் செங்குத்தான இரும்புப் படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

ஜூன் 14

நேரக் குழப்பத்தை நம்ப முடியவில்லை என்கிறார்கள். இல்லை, நான் கதை விடவில்லை. நவஹோ நாட்டுக்கு நடுவில் ஹோப்பி பழங்குடியினரின் நிலம் இருக்கிறது. அவர்கள் தள்ளிவைக்க மாட்டார்கள். ஆக, தள்ளாத மாநிலத்துக்குள் தள்ளுகிற நாடு, அதற்குள் தள்ளாத நிலம். அப்பாவிடம் சொன்னபோது, "நடுவுல ஒரு ஸ்டேஷன் மாஸ்டரைப் போட்டா பாவம், தலை சுத்திச் செத்துருவான்" என்றார்.

ஜூன் 18

முதல் குறிப்பில் "எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று எழுதியிருந்தேன். இரண்டு வாரமாக அந்த வரி என்னை உறுத்துகிறது.

இரண்டாம் நாள் சூரிய உதயம். மே கடைசியில் அங்கே ஐந்தேகாலுக்கெல்லாம் விடிந்துவிடும். வில்லியம்ஸிலிருந்து ஒரு மணி நேரம். மூன்றரைக்கு எல்லோரையும் எழுப்பினேன். அம்மாவிடம், "முடியுமாம்மா? இல்லேன்னா அறையில இருங்க" என்றேன். "பரவாயில்லப்பா" என்றார். அந்தச் சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது வருடமாக அந்த அம்மாவோடு பழகியும் "பரவாயில்ல"வுக்கு அர்த்தம் தெரியாதவன்.

நல்ல குளிர். காற்று வேறு. ஸ்வெட்டர், மேலே சால்வை, குரங்குக் குல்லா, சாக்ஸ் போட்டுச் செருப்பு. இருட்டில் கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்து வருகிறார். வானம் வெளுத்துக்கொண்டே போகிறது. முதல் கதிர் தவறிவிடுமே என்று நான் முன்னால் ஓடி ஓடித் திரும்பி, "சீக்கிரம் வாங்கம்மா" என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் தொனி தெரியுமே.

விடிந்தது. அழகாகத்தான் இருந்தது. அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. காற்றுக்கு என்றார். இருக்கலாம்.

அன்று மாலை அறை வாசலில் என் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லா காட்டுறான். அவனுக்குத்தான் எதையோ புடிக்கணும்ங்கற மாதிரி ஓட்டம்." குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றிக் கவலையாகச் சொன்னார். அது இன்னும் மோசம்.

சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டிப் போயிருக்கலாம். அதற்கு யாரும் மூன்றரைக்கு எழ வேண்டாம்.

ஜூன் 21

"நீங்கள் அவர்களைக் குழந்தை மாதிரி நடத்துகிறீர்கள், பெரியவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது. பிறகு அதே நாள் மதியம் நடந்தது ஞாபகம் வந்தது. அம்மா விஷயத்துக்கு நேர் எதிர்.

யாவாபாய் நிலவியல் காட்சியகத்தின் பக்கத்திலிருந்து "காலப் பாதை" என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். கேன்யன் விளிம்பை ஒட்டி, தளம் போட்ட நல்ல நடைபாதை. ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. மீட்டருக்கு ஒரு வெண்கலக் குமிழ் தரையில் பதித்திருப்பார்கள். எந்தப் பாறை எவ்வளவு பழசோ அந்த மீட்டரில் அந்தப் பாறையிலேயே ஒரு துண்டை வெட்டி நிறுத்தியிருப்பார்கள். தொட்டுப் பார்க்கலாம். மேல்தட்டுச் சுண்ணாம்புப் பாறை 270ஆம் மீட்டரில். பழைய பாறைகளுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் பக்கம் நடக்க வேண்டும்.

அப்பா போகலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஸ்டென்ட் வைத்து நாலு வருடம் ஆகிறது, உயரம் வேறு, காலையில் மூன்றரைக்கு எழுந்தவர். "என்னால முடியும்டா" என்றார். "சும்மா இருங்கப்பா" என்றேன். அம்மாவின் "பரவாயில்ல"யை நம்பினேன், அப்பாவின் "முடியும்"-ஐ நம்பவில்லை. இரண்டிலும் எனக்கு எது வசதியோ அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

270ஆம் மீட்டர் வரை எல்லோரும் போனோம். பையனைக் கழிவறைக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தால் அப்பா இல்லை. அம்மா, "உங்கப்பா இங்கதான் நின்னாரு" என்கிறார். அவர் போன் அம்மா பையில். காட்சியகத்துக்குள் தேடினேன், கார் வரை ஓடினேன். அந்த விளிம்பில் பல இடங்களில் கம்பி கிடையாது. மனம் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போயிற்று. ரேஞ்சரிடம் சொல்லிவிடலாம் என்று உள்ளே போகிறேன், ஒரு பஸ் வந்து நிற்கிறது, அப்பா இறங்குகிறார்.

ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. 1,750ஆம் மீட்டர் பக்கம் விஷ்ணு சிஸ்ட் வரை நடந்து, தொட்டுப் பார்த்துவிட்டு, கிராண்ட் கேன்யன் கிராமத்துப் பக்கம் ஒரு நிறுத்தத்தில் இலவச பஸ் வரைபடத்தைப் பார்த்து, நீல வழி பஸ் ஏறி, விசிட்டர் சென்டரில் ஆரஞ்சு வழிக்கு மாறி வந்திருக்கிறார். "ஜங்ஷன்ல மாறி வந்தேன். இதுல என்ன கஷ்டம்?" இங்கிலீஷில் யாரையும் கேட்கக்கூட இல்லையாம்.

நான் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அந்தப் பாறை சில்லுனு இருந்துது" என்றார்.

காரில் ஏறிய பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். பாதையில் சுமார் 50 கோடி ஆண்டுப் பாறை ஒன்று. கேன்யன் சுவரில் சில இடங்களில் அது நேராக 175 கோடி ஆண்டு விஷ்ணு பாறை மேலேயே உட்கார்ந்திருப்பதாகப் பலகையில் படம் போட்டிருந்ததாம். நடுவில் 120 கோடிக்கு மேல்? அரித்துப்போய்விட்டது, பாறையே இல்லை, மாபெரும் இடைவெளி என்று அதற்குப் பெயர் என்றேன். "120 கோடிக்குக் கணக்கு இல்லையா? ஆடிட் வரலியா?"

ஜூன் 22

கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

விளிம்பை ஒட்டிப் போகும் ஹெர்மிட் சாலையில் கார் விட மாட்டார்கள், பஸ்தான் என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். மார்ச் முதல் நவம்பர் வரை அப்படித்தான். ஆனால் நடக்கச் சிரமப்படுகிறவர்கள் கூட வந்தால் ஓர் அனுமதிச் சீட்டு தருகிறார்கள், அதைக் கண்ணாடியில் வைத்தால் சொந்தக் காரிலேயே போகலாம். நுழைவாயிலில் கேட்டாலே கிடைக்கும். எனக்கு இது கடைசி நாள்தான் தெரிந்தது. அம்மாவைப் பஸ் வரிசையில் நிற்க வைத்ததெல்லாம் வீண்.

விசிட்டர் இன்ஷூரன்ஸ்: எடுங்கள், ஆனால் முன்பே இருக்கும் நோய்க்கு என்ன தருவார்கள் என்ற பத்தியைப் படித்துவிட்டு எடுங்கள். பெரும்பாலும் எதுவும் தர மாட்டார்கள், அல்லது திடீரென்று தீவிரமானால் மட்டும், அதற்கும் வயது வரம்பு. மருந்துச் சீட்டும் மாத்திரையும் காரின் டிக்கியில் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும்.

ஜூலை 8

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டாராம். மினிவேனில். அவர் அப்பா இன்னும் பள்ளம் என்றுதான் சொல்கிறாராம், "நல்ல பள்ளம்" என்று ஒரு சொல் மட்டும் கூடியிருக்கிறது. சரி, அதுவும் ஒரு தீர்ப்பு.

அங்கே பாலம் ஏன் இல்லை என்று அவர் அப்பாவும் கேட்டாராம். என் அப்பாவும் கேட்டார். எதிர்க்கரை நேர்கோட்டில் பத்து மைல், கார் சுற்றிப் போனால் சுமார் 215 மைல். "பாம்பன் ரெண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். இது பதினாறு கிலோமீட்டர். தூண் வைக்க விஷ்ணுகிட்ட அனுமதி வாங்கணும்" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. வில்லியம்ஸிலிருந்து கேன்யன் விளிம்புக்கே ரயில் ஓடுகிறது. 1901இல் தொடங்கி, கார்கள் பெருகியதால் 1968இல் நின்று, 1989இல் மறுபடி ஓட ஆரம்பித்த வண்டி. ஐந்து பேருக்கு டிக்கெட் கணக்குப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். காலை ஒன்பதரைக்கு அது கிளம்புவதைப் பார்க்க அப்பா ஒன்பதுக்கே பிளாட்பாரத்தில் போய் நின்றார். 65 மைல், இரண்டேகால் மணி நேரம் என்று பலகையில் பார்த்துவிட்டு, "நம்ம பாசஞ்சர் வண்டி வேகம்தான்" என்றார். வண்டி நகரும்போது கை தானாகக் கொஞ்சம் மேலே போயிற்று, கொடி காட்டுகிற மாதிரி. அவர்கள் இருவரையும் ரயிலில் ஏற்றிவிட்டு நாங்கள் காரில் போயிருந்தால் என்ன கெட்டுவிட்டிருக்கும்?

இன்னொன்று, திரும்பும்போது கலிபோர்னியா எல்லையில், நீடில்ஸ் பக்கம், எல்லா வண்டியையும் நிறுத்திப் பழம், செடி இருக்கிறதா என்று கேட்பார்கள். விவசாயப் பூச்சிக் கட்டுப்பாடு. சீருடையைப் பார்த்ததும் அம்மா மடியிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை முந்தானையில் மறைத்துவிட்டார். பையன் உரக்க, "பாட்டிகிட்ட இருக்கு!" என்றான். அந்த அதிகாரி சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். அம்மா பேரனோடு பார்ஸ்டோ ஊர் வரை பேசவில்லை.

செப்டம்பர் 30

அப்பா அம்மா இந்த மாதம் நடுவில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நேற்று பௌர்ணமி. அப்பா கிரிவலம் போய்விட்டு வந்து போன் செய்தார். அம்மா ஆட்டோவில் பாதி தூரம் கூடப் போய் அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டாராம். யாரும் "சீக்கிரம் வாங்க" என்று சொல்லவில்லை என்று பின்னாலிருந்து அம்மா குரல். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்பாவுக்கு ஒரு கணக்குச் சந்தேகம். "அந்தப் பாதையில மீட்டருக்குப் பத்து லட்சம் வருஷம்னா, நம்ம கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். நடந்துகிட்டே போட்டுப் பாத்தேன். 1,400 கோடி வருது. பூமிக்கே அவ்வளவு வயசு இருக்காதே?"

பூமிக்கு 460 கோடிதான், நாலரை கிலோமீட்டர் தாண்டியதுமே முடிந்துவிடும் என்றேன். அவர் விடவில்லை. அப்ப மிச்சம்? பிரபஞ்சம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 1,380 கோடி என்கிறார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. வாயால் கணக்குப் போடுகிறார்.

"அப்ப இருநூறு மீட்டர் மிச்சம் வருதேடா."

"வருதுப்பா."

"சரியாத்தான் இருக்கு. கடைசி இருநூறு மீட்டர் டீக்கடைதான்."